கடாரத்துக் கோயிலுக்கும் பட்டா இல்லை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் செராஸ் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? கெந்திங் மலைக்குப் போனால் சம்பளத்தில் பாதி கரைந்துவிடும். பேரங்காடிக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. கடைசியில் பெர்மைசூரி ஏரிப் பூங்காவில் ஒரு சுற்று நடந்து, புதன்கிழமை தாமான் கொன்னாட் இரவுச் சந்தையில் ஆளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து விடுமுறையை ஒப்பேற்றிவிடுகிறோம்.

இந்த முறை நாங்கள் ஓர் இடம் சொல்கிறோம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் எடுங்கள். வடக்கு நெடுஞ்சாலையில் பட்டர்வொர்த்தைத் தாண்டி, சுங்கைப் பட்டாணிக்குப் போங்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக் என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம். மரநிழல், புல்தரை, பக்கத்திலேயே பாறைகளுக்கு நடுவே ஓடும் சிற்றாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து குளிக்கிறார்கள், சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறார்கள், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி ஆடுகிறார்கள். பார்ப்பதற்கு ஒரு பொதுப் பூங்கா.

அந்தப் பூங்காவின் மேட்டில் கருங்கல்லால் கட்டிய ஓர் அடித்தளம் நிற்கிறது. அதன் பெயர் சண்டி புக்கிட் பத்து பகாட். பழைய இந்து, பௌத்தக் கோயில்களை மலாயில் 'சண்டி' என்பார்கள். பின்னால் விமானம் இருந்த இடம், முன்னால் மண்டபம் இருந்த இடம். மரத்தூண்கள் நின்ற கல் பீடங்கள் இன்னும் இருக்கின்றன. தூணும் கூரையும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அந்தக் கல்லின்மேல் நம் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். தாங்கள் உட்கார்ந்திருப்பது ஆயிரம் ஆண்டுப் பழமை உள்ள ஒரு கோயில் வாசல் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சுற்றுலா போக வழி சொல்ல ஒரு தலையங்கம் தேவையில்லை. அந்தக் கோயிலுக்கும் நம் தோட்டத்துக் கோயில்களுக்கும் ஒரே தலையெழுத்து. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

கடாரம் என்பது எது?

ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். வங்காள விரிகுடாவைக் கடந்து பாய்மரத்தில் வந்தவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்த அடையாளம் அதுதான். காற்று திசை மாறும்வரை கப்பல்கள் இங்கே காத்திருக்க வேண்டும். காத்திருந்த இடத்தில் சந்தை வந்தது, பண்டகசாலை வந்தது, தொழில் வந்தது, கோயிலும் வந்தது. மலைக்கும் தெற்கே மூடா ஆற்றுக்கும் இடையில் சுமார் 224 சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்தக் காலத்துச் சின்னங்கள் சிதறிக் கிடக்கின்றன. இதைத்தான் நம் முன்னோர் கடாரம் என்றார்கள். இன்றைய கெடா.

சீனத் துறவி இட்சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில், ஏழாம் நூற்றாண்டில், இங்கே தங்கிவிட்டுப் போனார். புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் கல்வெட்டு ஒன்றை 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறையில் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல் இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது இடங்களை ஆராய்ந்து எண் கொடுத்தார்கள். விநாயகர், துர்க்கை உருவங்களின் பகுதிகளும் மண்ணிலிருந்து வெளியே வந்தன. எட்டாம் எண் கொடுக்கப்பட்ட இடம்தான் நாம் மேலே சொன்ன புக்கிட் பத்து பகாட். அதை 1959, 1960-இல் அலஸ்டேர் லேம் தலைமையில் தோண்டி, சரிந்து கிடந்த கற்களை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப அடுக்கினார்கள். பிற்பாடு பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங், பெண்டியாட் ஆகிய இடங்களில் இருந்த கோயில் அடித்தளங்களையும் பெயர்த்துக்கொண்டுவந்து அரும்பொருளக வளாகத்தில் வைத்தார்கள். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குழு சுங்கை பத்துவில் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும் படகுத்துறையின் அடையாளங்களையும் வெளிக்கொணர்ந்தது.

கடாரம் என்றதும் நம்மவர்களுக்கு இராஜேந்திர சோழன் ஞாபகம் வரும். 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பினான், 'கடாரம் கொண்டான்' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். மேடைப் பேச்சில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் உறவுகளே, ஊரை அடித்துப் பிடித்த கதை நமக்கு இன்று எந்த உரிமையையும் வாங்கித் தராது. சொல்ல வேண்டிய கதை வேறொன்று இருக்கிறது.

ஒரு அரசன் எழுதிக் கொடுத்த பட்டா

இராஜேந்திரனின் தந்தை இராஜராஜ சோழன் காலம். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனாக இருந்தவன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். சோழன் சைவன். வந்தவர்கள் வேறு நாட்டவர், வேறு சமயத்தவர், எண்ணிக்கையில் சிறியவர்கள். இராஜராஜன் என்ன செய்தான்? தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கிட்டத்தட்ட 1006-இல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்கு விட்டுக் கொடுத்தான். வாய்ச்சொல்லோடு விடவில்லை. எல்லை குறித்து, அளவு குறித்து, செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். லெய்டன் செப்பேடுகள் என்று இன்று உலகம் அறிந்த ஆவணம் அதுதான்.

மெதுவாக ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், கடாரத்துக்காரன் நம் ஊரில் சிறுபான்மை. அவன் வழிபாட்டுத் தலத்துக்குத் தமிழ் மண்ணில் எழுத்துப்பூர்வமான உரிமை கிடைத்தது. இன்று நாம் கடாரத்து மண்ணில் சிறுபான்மை, நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. நாம் கேட்பதும் அதே எழுத்துதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்த நாகப்பட்டினத்து விகாரம் பிறகு என்னவாயிற்று? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலம் போனது, கடாரத்து வணிகர்கள் வருவது நின்றது, அங்கே கும்பிட ஆளில்லாமல் போனது. மூன்று நிலை உள்ள ஒரு செங்கல் கோபுரம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1867-இல் பாதிரிமார்கள் ஆங்கிலேய அரசின் அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். பட்டா இருந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த ஊர் மண்ணில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் பலவும் இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஒரு புனித இடம் நிலைத்து நிற்க இரண்டு வேண்டும். ஒன்று தாள், இன்னொன்று ஆள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கல் நிற்காது.

2013-இல் நடந்தது

இப்போது திரும்பவும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு வருவோம். குவாரிச் வேல்ஸ் பதினொன்றாம் எண் கொடுத்த இடம் ஒன்று சுங்கை பத்து பகுதியில் இருந்தது. சண்டி 11 என்பார்கள். 1,200 ஆண்டுப் பழமை உள்ளதாகச் சொல்லப்பட்ட கோயில் அடித்தளம். அந்த நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. புல்டோசர் இறங்கியது. ஆயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய கட்டடம் இருந்த சுவடு தெரியாமல் போனது. இந்தச் செய்தி வெளியுலகுக்கு வந்தது 2013 டிசம்பர் தொடக்கத்தில். வெளியே கொண்டுவந்தது அரசாங்கம் அல்ல. டத்தோ வி. நடராஜன் தலைமையில் இயங்கிய பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம். அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி 2011-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர் அவர்.

நாடே கொதித்தது. எல்லா இனத்தவரும் கண்டித்தார்கள். மறுமொழியாக வந்தது என்ன? அது தனியார் நிலம். அந்த இடம் கெஜெட் செய்யப்படவில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நாம் வேறு எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

2007 அக்டோபர் 30. தீபாவளி நெருங்கிய வேளை. ஷா ஆலாம், பாடாங் ஜாவா, கம்போங் ரிம்பா ஜெயாவில் இருந்த மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. நிலம் உங்களுடையது அல்ல என்றார்கள். அதற்கு நான்கு வாரம் கழித்து, நவம்பர் 25-ஆம் தேதி, கோலாலம்பூர் வீதிகளில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டதை மறக்க முடியாது. மஸ்ஜிட் இந்தியா சாலையில் இருந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் 130 ஆண்டுப் பழமை உள்ளது என்றார்கள். அது நின்ற நிலம் 2014-இலேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது என்பது நம்மில் பலருக்கு 2025-இல்தான் தெரியவந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு பக்கத்திலேயே மாற்றிடத்துக்குப் போக உடன்பாடு ஆனது.

ஒவ்வொரு முறையும் இதே கதைதான். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாமல் ஆத்திரப்பட்டுப் பயனில்லை.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் கோயில் கட்டியபோது யாரும் பட்டா கேட்கவில்லை. துரை வாய்மொழியாகச் சரி என்றார், கோயில் எழுந்தது. நிலம் முழுவதும் கம்பெனி பெயரிலேயே இருந்தது. தோட்டம் கைமாறியபோது கோயிலும் லயமும் இருந்த மண்ணும் சேர்ந்தே கைமாறியது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். எத்தனை ஆண்டு அனுபவித்தோம் என்பது உரிமை ஆகாது. நூறு ஆண்டு விளக்கேற்றினாலும், நூறு தீமிதி நடந்தாலும், தாளில் பெயர் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் நாம் அத்துமீறிக் குடியேறியவர்கள்.

சண்டி 11-க்கும் இதேதான் நடந்தது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2006 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அந்தச் சட்டத்தின் காவல் முழுமையாகக் கிடைக்க அந்த இடம் பதிவேட்டில் ஏற வேண்டும். நிலமோ மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பது. கூட்டரசு ஒரு பக்கம், மாநிலம் ஒரு பக்கம், நடுவில் நில உரிமையாளர். யாரும் அசையவில்லையென்றால் 1936-இலேயே எண் கொடுக்கப்பட்ட இடமும் 2013-இல் அநாதைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாகப்பட்டினத்து விகாரத்துக்குத் தாள் இருந்தது, ஆள் இல்லை. நம் தோட்டத்துக் கோயில்களுக்கு ஆள் இருக்கிறது, தாள் இல்லை. சண்டி 11-க்குத் தாளும் இல்லை, ஆளும் இல்லை. புக்கிட் பத்து பகாட் மட்டும் ஏன் நிற்கிறது? அரசாங்கத்தின் வேலி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற சனமும் இருக்கிறது. பூங்கா என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். இடிபாட்டைப் பூங்காவாக்கி மக்களைப் புழங்கவிட்டதும் அதற்கு ஒரு காவல்தான்.

பூங்காவில் யார் பெயர் இருக்கிறது?

ஆனால் பூங்கா ஆக்கினால் மட்டும் போதாது. அங்கே யாருடைய கதை சொல்லப்படுகிறது என்பதும் முக்கியம்.

மெர்போக் போகும் வழியில் பேராக், பத்து காஜாவில் கெல்லிஸ் காசல் இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கிந்தா கெல்லாஸ் தோட்ட முதலாளி, 1915-இல் கட்டத் தொடங்கிய கோட்டை வீடு. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார், வீடு முடியாமலே நின்றது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். அந்தச் சுவரை எழுப்பியவர்கள் யார்? மதராஸிலிருந்து வந்த கொத்தனார்களும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களும். வேலை நடந்துகொண்டிருந்தபோது விஷக்காய்ச்சல் பரவி ஆட்கள் மடிந்தார்கள். அம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று மீதிப்பேர் கேட்க, ஸ்மித் கட்டிக் கொடுத்தார். நன்றிக்காகக் கோயிலின் மேல் அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். தொப்பி போட்ட அந்த துரை இன்றும் சாமிகளோடு நிற்கிறார். துரையின் பெயர், பிறந்த ஊர், மனைவி மக்கள் பெயர் எல்லாம் நமக்குத் தெரிகிறது. செங்கல் சுமந்து செத்தவர்களில் ஒருவர் பெயராவது நம் பிள்ளைக்குத் தெரியுமா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் செராஸுக்குப் பக்கத்திலேயே புக்கிட் ஜாலில். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகப் பெரிய அரங்கம் எழுந்தது, அழகான பூங்காவும் இருக்கிறது. காலையில் ஓடப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே பால் மரம் வெட்டியவர்கள் எந்த இடத்தில் குடியிருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று. ஆயிரம் ஆண்டு முந்திய கடாரத்தை மறப்பது ஒருபுறம் இருக்கட்டும், முப்பது நாற்பது ஆண்டு முந்திய தோட்டத்தையே நம் கண்முன்னால் மறந்துகொண்டிருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கு முழுவதையும் தமிழன் கட்டினான் என்று நாங்கள் சொல்லவில்லை. இரும்பு உருக்கியவர்களில், கல் அடுக்கியவர்களில் பெரும்பாலானோர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்களாக இருக்கலாம். இன்றைய மலாய்ச் சகோதரர்களின் முப்பாட்டன்களும் அந்தக் கோயில்களில் கும்பிட்டவர்கள்தான். இந்தியாவின் பல கரைகளிலிருந்தும் சீனத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்து போனவர்களின் கைத்தடமும் அங்கே இருக்கிறது. அதுபோல, அந்த இடம் எத்தனை பழமையானது என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது. உலகத்திலேயே முதல் நாகரிகம் என்றெல்லாம் வாட்சப்பில் வருவதை அப்படியே நம்பி மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம். மிகைப்படுத்திச் சொன்னால், உண்மையாக இருப்பதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நாம் சொல்வது இவ்வளவுதான். இந்த நாட்டில் நம் கால் நேற்று ரப்பர் பாலுக்காகப் பட்டதல்ல. அதற்கும் முந்திய ஒரு உறவு இருக்கிறது, அதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. 'வந்தேறி' என்ற சொல்லை நம் பிள்ளை பள்ளியில் கேட்க நேர்ந்தால், அவன் அழுதுகொண்டு வீட்டுக்கு வரக்கூடாது. மெர்போக்கில் தான் தொட்டுப் பார்த்த கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கல் தனக்கும் பக்கத்து இருக்கை அகமட்டுக்கும் பொதுச்சொத்து என்றும் சொல்ல வேண்டும். இடித்தவர்களால் நட்டப்பட்டது இந்தியர் மட்டும் அல்ல, எல்லா மலேசியரும்தான்.

நாம் கேட்பது

அரசாங்கத்திடம் கேட்பவை:

ஒன்று. பூஜாங் பள்ளத்தாக்கில் இதுவரை எண் கொடுக்கப்பட்ட எல்லா இடங்களின் பட்டியலும் லாட் எண்ணோடு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். எது கெஜெட் ஆனது, எது ஆகவில்லை என்று அதிலேயே தெரிய வேண்டும். ஆகாதவற்றை ஒவ்வொன்றாக கெஜெட் செய்ய வேண்டும்.

இரண்டு. அந்த வட்டாரத்தில் எந்த மேம்பாட்டுத் திட்டத்துக்கும் அனுமதி கொடுப்பதற்கு முன் தொல்பொருள் ஆய்வாளர் வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும். புல்டோசர் போன பிறகு விசாரணைக் குழு அமைத்து என்ன பயன்?

மூன்று. அரும்பொருளகத்திலும் இடிபாடுகளிலும் தேசிய மொழியோடு தமிழிலும் விளக்கப் பலகை வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு. தோட்ட நிலத்தைத் துண்டாடும்போதே, நில வகையை மாற்றும்போதே, அங்குள்ள கோயிலுக்கும் பள்ளிக்கும் இடுகாட்டுக்கும் தனி லாட் ஒதுக்கிப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். பிரச்சினை வெடித்த பிறகு மாற்றிடம் தேடுவதைவிட இது எல்லாருக்கும் நல்லது, மேம்பாட்டாளருக்கும் நல்லது.

நாம் செய்ய வேண்டியவை:

முதலில், போய்ப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை போதும். கோயில் திருவிழாவுக்குப் பேருந்து எடுக்கிற சங்கங்கள் மெர்போக்குக்கும் ஒரு பேருந்து எடுக்கலாம். வருகையாளர் புத்தகத்தில் தமிழில் பெயர் எழுதுங்கள். ஆள் வருகிற இடத்தை இடிக்க யோசிப்பார்கள்.

அடுத்தது, உங்கள் கோயில் நிர்வாகக் குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நம் கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது? தெரியாது என்றால் லாட் எண்ணைக் கண்டுபிடித்து நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி 'சாரியான்' எடுக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயர் அதில் வரும். சங்கப் பதிவகச் சான்றிதழ், தோட்டக் கம்பெனி எழுதிய பழைய கடிதம், மின்கட்டண ரசீது, பழைய திருவிழாப் படம், கல்வெட்டுப் பலகை, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, நகல் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். நோட்டீஸ் ஒட்டிய பிறகு தேடினால் கிடைக்காது.

மூன்றாவது, மரபுடைமைச் சட்டப்படி ஓர் இடத்தைத் தேசிய மரபுச் சொத்தாக அறிவிக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். டத்தோவாக இருக்க வேண்டியதில்லை. பாரம் நிரப்பத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

நான்காவது, வீட்டில் இருக்கும் பெரியவர்களைப் பேச வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் கோயில், யார் கட்டினார்கள் என்று கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கெல்லிஸ் காசல் தொழிலாளர்களுக்கு நேர்ந்த கதி நம் தாத்தாவுக்கு நேர வேண்டாம்.

பிள்ளையின் வரலாற்றுப் பாடநூலையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். கடாரத்துக்கு அதில் எத்தனை பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். குறைவென்று பட்டால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஓவர்டைம் செய்துவிட்டு வந்த களைப்பு நமக்கு எல்லாருக்கும் உண்டு. ஆனாலும் வருடத்தில் ஒரு கூட்டத்துக்காவது போகலாம்.

உறவுகளே, சண்டி 11 இனித் திரும்பி வராது. அதே கல்லைத் தேடி எடுத்து அடுக்கினாலும் அது அதே கோயில் ஆகாது. ஆனால் பள்ளத்தாக்கில் இன்னும் மண்ணுக்குள் இருப்பவை இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆற்றோரத்திலும் மின்கம்பி வழித்தடத்திலும் பட்டா இல்லாமல் விளக்கு எரிகிற கோயில்கள் இருக்கின்றன. இரண்டையும் காக்க ஒரே வழிதான். ஆளாகப் போய் நிற்போம், தாளாகக் கேட்டு வாங்குவோம்.

நாகப்பட்டினத்தில் கடாரத்துக்காரனுக்கு எழுத்தில் கிடைத்தது கடாரத்தில் நமக்கும் எழுத்தில் கிடைக்க வேண்டும்.

சிந்திப்போம். செயல்படுவோம்.